மணிக்கட்டும் மார்பும்

டிரெட்மில்லின்மீது மனிதரை நடக்கவைத்து, உழைப்பு ஏற ஏற அவருடைய இதயம் அதற்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதைக் காகிதத்தில் பதிவுசெய்து வைத்தியரிடம் ஒப்படைப்பது என் ஜீவனோபாயம். மதுரையில் இருதயச் சிகிச்சைப் பிரிவொன்றில், எல்லோரும் டி.எம்.டி. அறை என்று அழைக்கும் சிறு அறையில், என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. முன்னெல்லாம் சோதனைக்கு வருகிறவர்கள், காலடியில் பட்டை நகரத் தொடங்கியவுடன் என் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். திரையில் ஓடும் கோடுகளை அவர்களால் படிக்க இயலாதாகையால், அவற்றைப் படிக்கிறவன் முகத்தில் கலவரம் ஏதேனும் தென்படுகிறதா என்று தேடுவார்கள். இப்போது அந்தப் பார்வை அவரவர் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. திரையில் ஓர் எண், கைக்கடிகாரத்தில் வேறோர் எண், மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், உங்க மிஷின்ல 138 போட்டிருக்கு, என் வாட்ச்சுல 104 தான் காட்டுது, இதுல எது சரி?" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள்.

சரிவில் ஏறிக்கொண்டிருப்பவருக்கு விஸ்தாரமாகப் பதில் சொல்ல முடியாது. "திரையில இருக்கிறதுதாங்க ஐயா சரி, நீங்க நேரா பார்த்து நடங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஆனால் அந்தக் கேள்வி சாமானியமானதன்று. ஒரே சரீரத்தில், ஒரே கணத்தில், ஒரே இதயத்தை எண்ணுகின்ற இரண்டு சாதனங்கள் எப்படி மாறுபடக்கூடும் என்பதை ஒருவர் தெளிவாக உணர்ந்துவிட்டாரானால், நள்ளிரவில் கடிகாரத்தைப் பார்த்து அநாவசியமாக நடுங்கவும் மாட்டார். நெஞ்சு கனக்கும்போது அதே கடிகாரத்தைப் பார்த்துப் பொய்யான தைரியம் கொள்ளவும் மாட்டார். இருவகையினரையும் நான் கண்டிருக்கிறேன். இரண்டாவது வகையினரே என்னை அதிகமாக வருத்தியவர்கள்.

முதலில் என் இ.சி.ஜி. யந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதயத் தசை சுருங்குவதற்குச் சற்று முன்னதாக அதில் ஒரு மின் அலை பரவுகிறது. அதன் சாயை தோல்வரையில் வந்து எட்டுகிறது. நெதர்லாந்தில் லைடன் நகரத்தில் இருந்த வில்லெம் ஐந்தோவன் என்பவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காந்தத்தின் நடுவே கட்டிய மெல்லிய இழையொன்றின் அசைவாக அதைப் பிடித்துக் காட்டினார். 1924-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அவர் காலத்தில் நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அந்தத் தொட்டிகளின் ஸ்தானத்தில் இன்று ஜெல் தடவிய எலக்ட்ரோடுகள் வந்துவிட்டனவேயன்றி, தோலுக்கும் கம்பிக்கும் இடையே தடை இருத்தலாகாது என்ற நியதி மாறவில்லை. மார்பிலுள்ள ரோமத்தை மழித்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் எண்ணெய்ப் பசையைப் போக்கி, சொரசொரப்பான துணியால் தோல் இலேசாகச் சிவக்கும்வரை தேய்த்து, அதன் பிறகே எலக்ட்ரோடுகளை ஒட்டுகிறோம். படுத்திருப்பவருக்குக் கை கால்களில் மாட்டும் கம்பிகளை நடக்கிறவருக்கு அப்படியே மாட்டினால் கோடு குதித்துக் குழம்பிவிடும்; ஆகையால் 1966-இல் மேசன், லைக்கர் என்னும் இருவர் வகுத்த முறைப்படி அவற்றைத் தோளுக்குக் கீழும் அடிவயிற்றின் இருபுறமும் உடம்போடு ஒட்டிவைக்கிறோம். இந்த ஏற்பாட்டைச் சிரத்தையில்லாமல் செய்தால் சோதனை முழுவதும் வீண். வேர்வையில் ஓர் எலக்ட்ரோடு நழுவினால்கூட என் திரையிலுள்ள எண் திடீரென்று 200-ஐத் தாண்டிப் போகும்.

ஆனால் அந்தச் சமயத்தில் நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. காகிதம் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிகரங்களுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் உள்ளன என்று எண்ணி, 300-ஐ அந்தத் தொகையால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது கிடைத்துவிடும். எண்ணுக்குப் பின்னால் கோடு நிற்கிறது. எண்ணின்மேல் சந்தேகம் தோன்றினால் கோட்டிடம் முறையிடலாம். கைக்கடிகாரம் அணிந்தவருக்கு இந்த மேல்முறையீடு இல்லை. அவர் கண்ணுக்கு எட்டுவது முடிந்த முடிவாகிய எண் ஒன்றுதான். அது தெளிவான அலையிலிருந்து பிறந்ததா, குழம்பிய அலையிலிருந்து ஒருவாறு ஊகித்து எடுக்கப்பட்டதா என்பதை அந்தச் சின்னஞ்சிறு கண்ணாடி அவருக்குச் சொல்வதில்லை. இரண்டுக்கும் உள்ள பேதங்களில் இதைத்தான் நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன்.

கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் பச்சை விளக்குகள் மினுக்குவதைக் காணலாம். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும் இயல்புடையது. இதயம் ஒருமுறை சுருங்கும்போது தோலின் நுண்ணிய குழாய்களில் ரத்தம் இம்மியளவு பெருகுகிறது, பின்பு வடிகிறது. பெருகும் கணத்தில் திரும்பிவரும் ஒளி குறைகிறது, வடியும் கணத்தில் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிச் சொல்வதே கடிகாரத்தின் வேலை. தத்துவம் புதியதன்று, 1930-களிலேயே அமெரிக்காவில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் இதை ஆராய்ந்திருக்கிறார், ஜப்பானியரான தகுவோ அவோயாகி 1970-களில் இதனோடு இன்னொரு யுக்தியைச் சேர்த்து, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அறியும் முறையைக் கண்டார். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. ஆனால் விரல்நுனியில் ரத்தம் செழிப்பாக ஓடுகிறது. ஒளி ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவரவும் அங்கே வழி உண்டு. மணிக்கட்டின் முதுகுப்புறமோ எலும்பும் தசைநாரும் மிகுந்த இடம். சித்த வைத்தியர்கள் நாடி பார்க்கும்போது கட்டைவிரற் பக்கத்து உட்புறத்தில் மூன்று விரல்களை வைப்பார்களேயன்றி, கடிகாரம் உட்காரும் முதுகுப்புறத்தை ஒருநாளும் தொடமாட்டார்கள். அங்கே கைக்குத் தட்டுப்படும் நாடி கிடையாது. மனிதர்கள் அணிய விரும்பும் இடத்தில் அளக்க வேண்டியிருப்பதனால், அளப்பதற்கு உகந்ததல்லாத இடத்தில் அந்தச் சாதனம் போராடிக்கொண்டிருக்கிறது.

கை அசையாமல் இருக்கும்வரை அந்தப் போராட்டத்தில் அது பெரும்பாலும் ஜயித்துவிடுகிறது. சோதனைக்கு முன்பு நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கடிகாரத்தையும் என் திரையையும் ஒப்பிட்டால், இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று துடிப்புக்குமேல் இருப்பது அபூர்வம். தூக்கத்தில் பதிவாகும் கணக்கும் இதேபோல நம்பத்தக்கது. கை அசையத் தொடங்கியதும்தான் விஷயம் சிக்கலாகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் கடிகாரம் தோலின்மேல் சிறிது நழுவுகிறது. ரத்தமும் குழாய்களில் அலைமோதுகிறது. அப்போது ஒளியில் உண்டாகும் மாறுதல், இதயத்தால் உண்டாகும் மாறுதலைவிடப் பன்மடங்கு பெரியது. தவில் முழங்கும் கல்யாணப் பந்தலில் தம்புராவின் சுருதியைக் காதால் பிரித்தெடுப்பது போன்ற காரியம் அது. இதற்காகவே கடிகாரத்துக்குள் அசைவை உணரும் கருவியொன்றும் இருக்கிறது. அசைவின் தாளத்தை அறிந்து அதைக் கழித்துவிட்டு, எஞ்சியதை இதயத்தின் தாளமாகக் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கழிக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதைக் கழித்துவிடும் சந்தர்ப்பங்களும் இந்த ஏற்பாட்டில் உண்டு.

கல்லூரியில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர் ஒருவர் ஒருமுறை வந்தார். மெல்ல ஓடினாலும் விரைந்து ஓடினாலும் தம் கடிகாரம் 160-ஐ ஒட்டியே நிற்கிறதென்றும், தமக்கு ஏதோ கோளாறு என்று வீட்டார் பயந்துபோயிருப்பதாகவும் சொன்னார். டிரெட்மில்லில் ஏற்றினோம். நாங்கள் பின்பற்றுவது, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறும். நான்காம் கட்டத்தில், மணிக்கு 6.8 கிலோமீட்டர் வேகத்தில், நடை ஓட்டமாக மாறியது. அவர் கடிகாரத்தில் 158. என் காகிதத்தில் 141. அவருடைய பாதங்கள் பட்டையில் விழும் ஓசையைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்; நிமிடத்துக்கு 158 அடி. கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டுக் கால்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஓட்டக்காரர்களின் காலடிக் கணக்கும், உழைக்கும் இதயத்தின் கணக்கும் 150, 160, 170 என்று ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் இருப்பதால், இந்தப் பிழை எவர் கண்ணிலும் சுலபமாகப் படாது. "தம்பி, உங்களுக்கு ஒண்ணும் இல்லை, பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கி, எலும்புக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளிக் கட்டுங்க" என்றேன். அப்படிக் கட்டுவதால் பிழை குறையும். அற்றுப்போய்விடும் என்று சொல்லமாட்டேன்.

மேலே சொன்ன 138-க்கும் 104-க்கும் காரணம் வேறு. டிரெட்மில்லில் முதன்முறையாக ஏறுகிறவர்கள், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் முன்னாலுள்ள கம்பியை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்வார்கள். பிடி இறுக இறுக முன்கைத் தசைநார்கள் விறைத்து, கடிகாரத்துக்கு அடியிலுள்ள தோலில் ரத்தத்தின் போக்குவரத்தே குன்றிவிடுகிறது. பிடியைத் தளர்த்தச் சொன்னால் எண் மெல்ல மேலே ஏறி உண்மையை நெருங்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும், எடை தூக்குகிறவர்களுக்கும் இதுவே நேர்கிறது. குளிரிலும் அப்படித்தான், கொடைக்கானலில் விடியற்காலை நடக்கிறவருடைய உடம்பு, உஷ்ணத்தைக் காத்துக்கொள்ளத் தோலிலுள்ள குழாய்களைச் சுருக்கிவிடுவதால், எண்ணுவதற்குப் போதிய அலை அங்கே எழுவதில்லை. அன்றியும், கடிகாரம் சில வினாடிகளின் சராசரியையே காட்டுகிறதாகையால், புரூஸ் முறையில் கட்டம் மாறும்போதெல்லாம் இதயம் முன்னே போக, எண் பின்னே தொடர்வதை நான் காண்கிறேன்.

ஒரு சிறு அறையில் நான் கண்டதைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுக்க முடியாது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் முறையாகச் செய்த பரிசோதனைகளும் இதே திசையில் பேசுகின்றன. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் ஆரோக்கியமான 50 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, அப்போது சந்தையில் இருந்த நான்கு மணிக்கட்டுச் சாதனங்களையும் மார்பில் கட்டும் பட்டையொன்றையும் இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டார்கள். முற்றிலும் பொருந்தினால் 1 என்று கொள்ளும் கணக்கில், மார்புப் பட்டைக்கு 0.99 கிடைத்தது, மணிக்கட்டுச் சாதனங்களுக்கு 0.83 முதல் 0.91 வரை கிடைத்தது. மார்புப் பட்டை ஒளியை நம்பாமல், இ.சி.ஜி.யைப் போல மின்சாரத்தையே படிக்கிறது; பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்களின் தேவையிலிருந்து பிறந்து, 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லாமல் இயங்கத் தொடங்கிய சாதனம் அது. போட்டிக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு நான் இன்றும் அதையே சிபாரிசு செய்கிறேன். 2017-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு செய்த சோதனையில், ஏழு சாதனங்களில் ஆறு, இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்குட்பட்ட பிழையோடு சொல்லிவிட்டன. ஆனால் எத்தனை கலோரி செலவாயிற்று என்பதில் மிகச் சிறந்ததுகூட 27 சதவீதம் தவறியது. கலோரிக் கணக்கைப் பார்த்து உணவைக் கூட்டுகிறவர்களும் குறைக்கிறவர்களும் இதைக் கவனிப்பது நலம்.

நம் நாட்டவர்க்கு இயல்பாகவே எழும் ஐயம் ஒன்றுண்டு: கரிய தோலிலுள்ள மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சுமே, அதனால் நமக்குக் கணக்குப் பிசகாதா என்பது. ஐயம் நியாயமானது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், கறுப்பினத்தவரின் பிராணவாயுக் குறைவை வெள்ளையரைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. துடிப்பை எண்ணும் கடிகாரங்களைப் பொறுத்தவரை, அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தார் பலவகைத் தோல்நிறமுடைய 53 பேரை ஆராய்ந்து, நிறத்தால் குறிப்பிடத்தக்க பேதம் இல்லை என்றும், ஓய்வைக் காட்டிலும் உழைப்பின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்றும் கண்டார்கள். என் அறைக்கு வருகிறவர்களில் கருநிறத்தவரே பெரும்பாலோர். நிறத்தைவிடக் கையின் அசைவே பெரிய சத்துரு என்பது என் அனுபவமும்கூட. மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பவர்களின் சங்கதி வேறு. அந்த மை ஒளியை அறவே தடுத்துவிடக்கூடும்.

இதுவரை சொன்னவை சாதனத்தின் குறைகள். இனிச் சொல்லப்போவது சாதனத்தின் குறையன்று. ஆயினும் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. கடிகாரம் எண்ணுவது நாடியை. நாம் அறிய விரும்புவது இதயத்தை. ஆரோக்கியமான மனிதரிடத்தில் இரண்டும் ஒன்றே. இதயத்தின் தாளம் கெட்டவரிடத்தில் இரண்டும் ஒன்றல்ல.

நடுவயதுடைய அம்மையார் ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். இரவெல்லாம் கடிகாரத்தில் 38, 40 என்றே காட்டியதாம். இதயம் நின்றுவிடும் என்று குடும்பமே விழித்திருந்திருக்கிறது. "அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைக்கணுமா சார்?" என்று கேட்டார். படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தோம். இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முறை துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று, கீழறையிலிருந்து காலத்துக்கு முன்பே பிறந்த துடிப்பு. இதயம் ரத்தத்தால் நிரம்புவதற்கு முன்பே அப்படிச் சுருங்கிவிடுவதால், வெளியே தள்ளுவதற்கு அதில் போதிய ரத்தம் இருப்பதில்லை. அந்தத் துடிப்பு மணிக்கட்டுவரை வந்து சேர்வதே இல்லை. கடிகாரம் தன்னிடம் வந்து சேர்ந்த அலைகளைப் பிழையறவே எண்ணியிருந்தது. நான் அவர் நாடியைத் தொட்டு எண்ணியபோது எனக்கும் 40-தான் கிடைத்தது. அவருக்கு வேண்டியிருந்தது வேறு வகையான வைத்தியம், பேஸ்மேக்கர் அன்று.

மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயிலும் இவ்வாறே சில துடிப்புகள் வழியில் தொலைந்துபோகின்றன. நான் தொழிலுக்கு வந்த புதிதில், வார்டிலிருந்த மூத்த செவிலியர்கள் இதை அளப்பதற்கு இருவராக நிற்பார்கள். ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தும், மற்றவர் விரலை நாடியில் வைத்தும், ஒரே கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணுவார்கள். மார்பில் 120, மணிக்கட்டில் 92 என்றால், அந்த 28-ஐத் தனியாகக் குறித்து வைப்பார்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதை அவர்கள் அனுமதிக்கவே மாட்டார்கள். நாடியைக் கடிகாரம் கொண்டு எண்ணும் வழக்கத்துக்கு, 1707-இல் அதைப் பற்றி நூல் எழுதி, அதற்கென்றே ஒரு கடிகாரமும் செய்வித்துக்கொண்ட ஜான் ஃபிளாயர் என்னும் ஆங்கில வைத்தியர் முன்னோடி. அந்த வழக்கத்தை வார்டுகளில் பழுதில்லாமல் காத்தவர்கள் இந்தச் செவிலியர்களே. அவர்களிடம் கற்றதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு உறுதியாகக் கற்பிக்கவில்லை.

இன்னொரு வகை அச்சத்தையும் சொல்ல வேண்டும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே இதயத்தின் உச்சவரம்பு என்று பல கடிகாரங்கள் கொண்டிருக்கின்றன. அதைத் தாண்டியதும் சிவப்பு நிறம் காட்டுகின்றன. 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், ஹாஸ்கல் என்போர் ஒரு மதிப்பீடாக எழுதிய சூத்திரம் அது. ஒரே வயதுடைய இருவரிடையே உச்சம் 20 துடிப்புவரை வேறுபடுவது சகஜம். நாற்பத்தைந்து வயதுக்காரர் 182 வரை சென்று, கோட்டில் எந்தக் குற்றமும் இல்லாமல் சிரித்த முகத்தோடு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் எவ்வளவு திணறினாலும் 120-ஐத் தாண்டாமல் போவதும் உண்டு. ஒருவருக்கு எட்டாத வரம்பு, மற்றவருக்கு ஆபத்தில்லாத படி.

கடிகாரத்தில் 78 என்றிருந்தபடியால் நெஞ்சிலிருந்த அழுத்தத்தை வாயுக்கோளாறு என்று எண்ணி, ஒரு பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பின்பு அவசரச் சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கக் கண்டிருக்கிறேன். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது; அடைபட்ட பின்பும் துடிப்பின் எண்ணிக்கை முறையாகவே இருக்கக்கூடும். 2018 முதல் விரலை வைத்து ஒற்றைக் கோட்டு இ.சி.ஜி. எடுக்கும் கடிகாரங்களும் வந்திருக்கின்றன. அவை தாளக்கேட்டைக் காட்ட வல்லவை. மாரடைப்பைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல என்று அவற்றைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். வியர்வையோடு நெஞ்சு கனக்கிறது, தாடைக்கோ இடக்கைக்கோ வலி பரவுகிறது என்றால், கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஆயினும் இந்தச் சாதனத்தைக் கழற்றி எறியுங்கள் என்று எவரிடமும் நான் சொன்னதில்லை. அண்மையில், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சில நாட்களாகப் பின்னிரவில் படபடப்பு உண்டாவதாகச் சொல்லி வந்தார். அறையில் எடுத்த இ.சி.ஜி.யும் டி.எம்.டி.யும் குற்றமற்றவையாக இருந்தன. அவர் கடிகாரத்தின் பதிவுகளை வாங்கிப் பார்த்தபோது, அந்தந்த இரவுகளில் இரண்டரை மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே துடிப்பு தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தது. அந்த எண்களை நான் நம்பவில்லை; அந்த நேரத்தை நம்பினேன். அமெரிக்காவில் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் தொடங்கிவைத்த முறைப்படி, நாள்முழுதும் இ.சி.ஜி.யைப் பதிவுசெய்யும் கருவியை வைத்தியரின் அனுமதியோடு மாட்டி அனுப்பினேன். கடிகாரத்தையும் அணிந்திருக்கச் சொல்லி, இரண்டின் நேரத்தையும் வினாடி பிசகாமல் ஒன்றாக்கிக் கொடுத்தேன். மறுநாள் பதிவைத் திறந்து நேராகப் பின்னிரவுக்குப் போனோம். மூன்றே கால் மணியிலிருந்து மேலறைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. இதயத்தின் உண்மையான வேகம் 146, கடிகாரம் எழுதிவைத்திருந்தது 117. பக்கவாதம் வராமல் காக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை வைத்தியர் அன்றே எழுதினார். அந்த மணிக்குரிய காகிதத்தை மட்டும் தனியே எடுத்து, கடிகாரத்தின் பதிவையும் அச்சிட்டு, இரண்டையும் ஒன்றாகத் தைத்து அவருடைய கோப்பில் வைத்தேன்.